பூ வண்டியில் ஏறிய பால் பாத்திரம்

லைன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஓட்டுக் கூரை, வரிசையாக எட்டுக் கதவுகள், கடைசியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு குளியலறை. பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் நம் வீட்டில் யாராவது அடுப்பை அணைக்க எழுந்து போவார்கள். நீங்களும் அப்படி எழுந்து போனவர்கள்தான். உங்களிடம் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

இந்த மாதக் கடைசியில் நான் வீடு மாறுகிறேன். வேலைக்காக, முதல்முறையாகத் தனியாக. எடுத்துப் போக வேண்டியவற்றைப் பட்டியல் போடலாம் என்று போன வாரம் நோட்டை எடுத்தேன். எண் ஒன்று போட்டு, ‘பால் பாத்திரம்’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. பதினைந்து வருடங்களுக்கு முன், ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், இதே வரியை இதே இடத்தில் எழுதி நான் செய்த வேலை ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது நாங்கள் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி லைனில் கடைசிக்கு முந்தின கதவு. அப்பா ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் ஒப்பந்தத் தொழிலாளி. பெட்டிகளை ராக்கில் அடுக்குவதும் எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. அம்மா பாகலூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டிக் கட்டுக் கட்டினாள். மணிக்கட்டு வரை முள் கீறியிருக்கும். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பஸ் பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு, காலண்டர் என்று எதுவானாலும் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த வயதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் வருத்தம் வரவில்லை.

அந்த லைன் எங்களுக்கு நான்காவது வீடு. ஐந்து வகுப்புக்குள் நான்கு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டேன். தளியில் ஒரு வருடம் இருந்தபோது வகுப்பில் பாதிப் பேர் விளையாட்டு நேரத்தில் கன்னடம் பேசுவார்கள். நான் கன்னடத்தில் திட்டக் கற்றுக்கொண்ட வாரத்தில் அந்த ஊரை விட்டுக் கிளம்பிவிட்டோம். ஒவ்வொரு பள்ளியிலும் புதிதாக வந்தவள் என்று கடைசி பெஞ்சு. முதல் பெஞ்சுக்கு வந்து சேரும்போது வீட்டில் மூட்டை கட்டுவார்கள்.

ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறோம் என்று கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில் இருந்தது. பால் சரியாகப் பொங்கவில்லை. முதல் வீட்டில் பால் திரிந்துவிட்டது. தளி வீட்டில் பொங்குவதற்கு முன்னால் ஸ்டவ் அணைந்துவிட்டது. மூன்றாவது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது ராகு காலத்தில். இந்த லைன் வீட்டில் பால் ஆடை கட்டி அப்படியே நின்றுவிட்டதாம்.

“பால் பொங்காத ஊட்ல காலு நிக்காதுடி. இந்த வாட்டி மட்டும் நல்ல நேரத்துல பொங்கிடுச்சின்னு வையி, அப்பறம் நாம ஏன் போறோம்?” என்பாள்.

இந்த வாட்டி என்றது பாகலூர் வீட்டை. பண்ணைக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி, மெயின் ரோட்டை ஒட்டிய சின்ன மனையில், சிமென்ட் ஷீட் போட்ட இரண்டு அறைகள். எங்கள் சொந்த வீடு. பூச்சுக்கூட உள்பக்கம் மட்டும்தான் முடிந்திருந்தது. அதற்கு எதிர்த்த தெருவில் மேல்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே மதில்சுவருக்குள். கட்டட வேலையைப் பார்க்கப் போனபோதெல்லாம் நான் வீட்டைப் பார்க்கவில்லை, அந்த மதிலைத்தான் பார்த்தேன். ஏழு வருடம் ஒரே இடம். ஒரே பெஞ்சு. அதற்குப் பால் பொங்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் தெரியும். அம்மாவைவிட நான்தான் அந்தப் பாலை அதிகமாக நம்பினேன்.

ஒரு மாதத்துக்கு முன்பே ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. புளியையும் மிளகாயையும் வெயிலில் காயவைத்துத் துணி மூட்டையாகக் கட்டினாள் அம்மா. புதிதாக எண்ணெய் வாங்குவது நின்றது. கடைசி வாரம் முழுக்கக் கடலைச் சட்டினிதான், டப்பாவில் இருந்த கடலை தீர வேண்டும் என்று. அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது மொபெட்டின் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். அவற்றில் இயந்திர எண்ணெய் வாசனை. அந்தப் பெட்டிகளில் போய் இறங்கிய போர்வைகளில் அடுத்த தீபாவளி வரைக்கும் அந்த வாசனை இருந்தது.

பெட்டிகளின் மேல் இங்கிலீஷில் என்னென்னவோ அச்சிட்டிருந்தது. மேல்நோக்கி இரண்டு அம்புக்குறி, பக்கத்தில் கண்ணாடித் தம்ளர் படம். படத்தைப் பார்த்து நான் தீர்ப்புச் சொன்னேன்: இந்தப் பெட்டியில் கண்ணாடித் தம்ளர் மட்டும்தான் வைக்க வேண்டும்.

“நம்மகிட்ட இருக்கறதே மூணு தம்ளரு. அதுக்கு இவ்ளோ பெரிய பெட்டியா?” என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா. அதே லைனில் மூன்றாவது கதவு.

“அப்படித்தான் போட்டிருக்குது அத்தை.”

“எங்க, படி பாக்கலாம்?”

நான் படித்தேன். எழுத்துக் கூட்டி, ஒரு சொல்லும் புரியாமல், ஆனால் சத்தமாக. மூன்று தம்ளர்களும் அந்த அகலமான பெட்டியில் தனியாக உருண்டுகொண்டே பாகலூர் போய்ச் சேர்ந்தன. இரண்டு உடைந்தன.

பட்டியல் எழுதியது நான்தான். அம்மா சொல்லச் சொல்ல, பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண். ஒன்றாம் எண் பெட்டியில் எது என்பதில் வீட்டில் இரண்டாவது கருத்தே இல்லை. பால் காய்ச்சப் புதிதாக வாங்கிய எவர்சில்வர் குண்டான், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், தீப்பெட்டி.

அதே வாரம் டிசி வாங்கப் பள்ளிக்குப் போனோம். எங்கள் டீச்சர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து என்னிடமே நீட்டினார்.

“இன்னும் எத்தனை ஸ்கூல்தான்மா மாறுவ நீ?”

“இதுதான் கடைசி டீச்சர்” என்றேன்.

“போன ஸ்கூல்லயும் இதையேதான சொல்லியிருப்ப?”

சொல்லியிருந்தேன். கசங்காமல் இருக்கவேண்டுமே என்று டிசியை நான்காக மடித்து, சத்துணவு வாங்குகிற என் டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடினேன். வட்டமான, ஆழமான எவர்சில்வர் பாக்ஸ். ஓசூர்ப் பாத்திரக்கடையில் அம்மா வாங்கி, மெஷினில் என் பெயரை வெட்டச் சொல்லிக் கொடுத்தது. எங்கள் வீட்டில் மற்ற எல்லாப் பாத்திரத்திலும் அப்பா பெயரோ, மொய் வைத்தவர்கள் பெயரோ இருக்கும். இதில் மட்டும்தான் என் பெயர். டிசியோடு அந்த பாக்ஸைப் புத்தகப்பையில் போட்டுப் பையை மாட்டிக்கொண்டவள், வீடு மாறும் வரை தோளை விட்டுக் கழற்றவே இல்லை. அத்தை கேலி செய்தாள். “ஊட்டையே தூக்கறவ மாதிரி திரியறாளே!”

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அன்று அப்பாவுக்கு வார விடுமுறை. காலண்டரில் நல்ல நேரம் ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால். நான்தான் படித்துச் சொன்னேன். நான்கு தடவை.

விடிந்தும் விடியாமலும் குட்டியானை வந்து நின்றது. அம்மா வேலை செய்த பண்ணையிலிருந்து ரோஜாப் பெட்டிகளைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் வண்டி. பூ வாடாமல் இருப்பதற்காகச் சுற்றிலும் தகரம் அடித்துக் கூரையும் போட்டிருந்தது. பின்பக்கம் மட்டும் ஒரு கதவு. ஓட்டிவந்தவருக்கு வீட்டில் தெலுங்கு, வண்டியில் எல்லா பாஷையும். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஈரமும் ரோஜா இலை வாசனையும் வந்தன. நான் உள்ளே ஏறிப் பார்த்தேன். மூலையில் நசுங்கிய சிவப்பு இதழ்கள். நம் சாமான்களெல்லாம் மணக்கப் போகின்றன என்று நினைத்தேன்.

“மொதல்ல ஒண்ணாம் நம்பர் பெட்டி!” என்று கத்தினேன். பட்டியல் என் கையில் இருந்தது.

“நல்ல சாமான்தான் மொதல்ல ஏறணும்” என்றாள் அம்மா. உப்பும் மஞ்சளும் ஏறாமல் வேறெதையும் ஏற்றக்கூடாது என்பது அவள் கணக்கு.

அப்பா அதற்கு ஒரு படி மேலே போனார். “நீங்க ரெண்டு பேரும் சாங்கியத்துக்குச் சொல்றீங்க. கம்பெனியிலயே அதான் முறை. ஃபிஃபோன்னு பேரு. மொதல்ல உள்ள போற பொருளு மொதல்ல வெளிய வரணும். ஸ்டோர்ஸ்ல இத மாத்திச் செஞ்சா சூப்பர்வைசர் தோலை உரிச்சிடுவாரு.”

அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். படிக்காத மனிதருக்குக் கம்பெனி கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் அது. ஒன்றாம் எண் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போய், ஓட்டுநர் அறையை ஒட்டிய மூலையில் பத்திரமாக வைத்தார்.

அத்தை மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள். “டேய் தம்பி, பால் காச்சற குண்டான அவ மடியில குடுத்துடுடா. எதுக்கு அத உள்ள போடற?”

“க்கா, உனக்கு இதெல்லாம் தெரியாது. இது கம்பெனி முறை.”

சாங்கியம், பட்டியல், கம்பெனி. மூன்றும் ஒரே பக்கம் நின்றால் அத்தை என்ன செய்வாள்? “என்னமோ பண்ணுங்க” என்று நகர்ந்தாள்.

அதன் மேல் அரிசி மூட்டை, அதற்கு முன்னால் கட்டில், தையல் மெஷின், கேஸ் அடுப்பு, சிலிண்டர், பதினேழு பெட்டிகள். கடைசியாக, லைனில் இருந்த ஆண்கள் நான்கு பேர் சேர்ந்து பீரோவைத் தூக்கிக் கதவோடு ஒட்டி நிறுத்தினார்கள். “பதண்டி, பதண்டி!” என்று ஓட்டுநர் அவசரப்படுத்தினார்.

முன்னால் ஓட்டுநரோடு அம்மாவும் நானும் நெருக்கி உட்கார்ந்தோம். அம்மா மடியில் வயர்க்கூடை, அதில் அரை லிட்டர் பால் பாக்கெட். என் மடியில், தோளில் மாட்டியபடியே முன்பக்கம் திருப்பிய புத்தகப்பை. அப்பா மொபெட்டில், பின்னால் அத்தை சாமிப் படத்தைக் கட்டிப்பிடித்தபடி. பாகலூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் கம்பெனி வேன்கள். அம்மா பால் பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முதல் வீட்டில் திரிந்த பால் அவள் நினைவில் ஓடியிருக்கும். எனக்கு மதில்சுவர்.

வீட்டு வாசலில் இறங்கியபோது அப்பாவின் செல்போனில் எட்டு இருபத்தி மூன்று.

“நேரம் இருக்குது” என்றார் அப்பா. “அந்தக் குண்டான எடு.”

ஓட்டுநர் கதவைத் திறந்தார். பீரோவின் முதுகு தெரிந்தது. அதற்கப்பால் எதுவும் தெரியவில்லை.

அப்பா பீரோவைப் பார்த்தார், வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், முன்பக்கத் தகரத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். அங்கே ஒரு கதவு இருந்திருக்க வேண்டும் என்பது போல.

“கம்பெனி ராக்குல...” என்று மெதுவாக ஆரம்பித்தார். “பின்னாடி போடுவோம்க்கா. முன்னாடி எடுப்போம். அதுக்கு ரெண்டு வாயி.”

“இதுக்கு ஒரு வாயி” என்றாள் அத்தை. “உன் ஃபிஃபோவுலயே ஊத்திக் காச்சுடா இப்ப பால!”

அப்பாவும் ஓட்டுநரும் பீரோவை இழுத்தார்கள். வழியில் சாய்ந்து, அதன் கால் ஒன்று கதவுச் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேர் ஏற்றியது இரண்டு பேருக்கு அசையவில்லை. எட்டு முப்பது. அம்மா வாசலிலேயே நின்றாள். வீட்டுக்குள் போகவும் இல்லை, பால் கூடையைக் கீழே வைக்கவும் இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கன்னடக்காரர். முடியில் துண்டு சுற்றியிருந்தது. அம்மா கையிலிருந்த பாலையும் பீரோவையும் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. “ஹாலு உக்கபேக்கு அல்வா? பாலு பொங்கணும்தானே? நம்ம பாத்திரா தரேன், இருங்க” என்று திரும்பினார்.

“வேணாங்கக்கா” என்றாள் அம்மா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. “இரவல் பாத்திரத்துல காச்சினா இதுவும் இரவல் ஊடு மாதிரி ஆயிடும்.”

அப்போதுதான் என் தோளில் தொங்குவது எனக்கு உறைத்தது.

பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தேன். மூடியைத் திறந்து டிசியை வெளியே எடுத்து அத்தை கையில் கொடுத்தேன். “இந்தாம்மா” என்று பாக்ஸை நீட்டினேன்.

அம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவினாள். “நம்ம பாத்திரந்தான்” என்றாள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் கொண்டுவந்து பாக்ஸைக் கழுவினார். அத்தை கட்டடத்தில் மிஞ்சிய மூன்று செங்கல்லை நடு அறையில் கூட்டினாள். அப்பா சென்ட்ரிங் பலகைத் துண்டுகளைக் காலால் மிதித்து உடைத்தார். தீப்பெட்டியும் ஒன்றாம் எண் பெட்டியில்தான் இருந்தது. ஓட்டுநர் தன் பீடிக்கு வைத்திருந்ததைக் கொடுத்தார். புதுச் சுவரெல்லாம் புகை. சாமிப் படம் சுவரோரம் சாய்ந்திருந்தது. அம்மா பல்லால் பாக்கெட்டைக் கடித்துப் பாலை ஊற்றினாள்.

சின்னப் பாத்திரம், பெரிய தீ. பெரிய குண்டானாக இருந்திருந்தால் அரை லிட்டர் பால் அடியில் கிடந்து, விளிம்புக்கு வருவதற்குள் நேரம் போயிருக்கும். என் டிபன் பாக்ஸில் அது கழுத்து வரை நின்றது. நாங்கள் ஐந்தாறு பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் நுரை கட்டி, எழுந்து, என் பெயரின் மேல் வழிந்து, செங்கல்லில் சீறியது.

“கெழக்கால பொங்குது பாரு!” என்று அத்தை குலவையிட்டாள். அப்பா செல்போனை என்னிடம் நீட்டினார். எட்டு நாற்பத்தி இரண்டு என்று படித்தேன். சத்தமாகப் படித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பத்து வயதுப் பெண்ணை மடியில் போட்டதற்கு அத்தை அன்று கேலி செய்யவில்லை.

மிஞ்சிய பாலை ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். புகை வாசனையும் கொஞ்சம் சத்துணவுச் சாம்பார் வாசனையும் அடித்தது. பிறகு பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் வந்து கைகொடுக்க, பீரோ இறங்கியது. ஒன்றாம் எண் பெட்டி இறங்கும்போது உச்சி வெயில். அந்தப் புதுக் குண்டானில் இன்றுவரை பால் காய்ச்சியதில்லை. துவரம்பருப்பு இருக்கிறது.

பள்ளி திறந்த நாளில் தலைமை ஆசிரியர் என் டிசியை விரித்து, மூக்கருகே கொண்டுபோய், “இது என்னம்மா, சாம்பார் வாசனை அடிக்குது?” என்றார். ஒரு மூலையில் வட்டமாக எண்ணெய்க் கறை. நான் சிரித்தேன். ஏழு வருடம் அந்த மதிலுக்குள்தான் படித்தேன். அடிப்பக்கம் கறுத்த அந்த பாக்ஸில்தான் சாப்பிட்டேன். அம்மா புளி போட்டுத் தேய்க்க வந்தபோதெல்லாம் கறுப்பைத் தேய்க்கக் கூடாது என்று சண்டை போட்டேன். பிறகு இன்ஜினியரிங். இப்போது நான் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்ஜினியர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஃபிஃபோ பாடம் எடுப்பது நான்தான். ராக்குக்கு இரண்டு வாய், லாரிக்கு ஒரு வாய் என்றுதான் ஆரம்பிப்பேன். சிரிப்பார்கள். மறக்க மாட்டார்கள்.

போன வாரம் பட்டியல் நோட்டோடு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“யம்மா, நெசமாவே பால் பொங்காததாலதான் அத்தன ஊடு மாறினமா?”

அம்மா கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தாள். அப்பா மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கான்ட்ராக்ட் முடிஞ்சிது முடிஞ்சிதுன்னு ஒவ்வொரு கம்பெனியா அவர நிறுத்தினாங்க. ‘எல்லாம் என்னாலதான்’னு தலைய குனிஞ்சிகினு உக்காந்துப்பாரு. சோறு எறங்காது. பாலு மேல பழிய போட்டா அது என்ன, திருப்பியா கேக்கப் போவுது?” கை நிற்காமல் அவரைக்காயை உரித்தாள். “சொல்லிச் சொல்லி கடசில நானே நம்பிட்டன். அன்னிக்கி அது பொங்கலன்னா என்ன ஆயிருப்பனோ.”

பாகலூர் வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு முறை அப்பாவின் கான்ட்ராக்ட் முடிந்திருக்கிறது. அப்போது எனக்கு அது தெரியவே தெரியாது. வீடு நம்முடையது, மொபெட் போக முடியாத தூரத்துக்கு வாசலிலேயே பஸ் நிற்கும். அப்பா வேறு கம்பெனிக்கு வேறு பஸ் ஏறினார், அவ்வளவுதான். நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய மனைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அம்மாதான் என்று அத்தை எப்போதோ சொல்லியிருக்கிறாள். அப்போது அதை ஒரு செய்தியாகக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. படிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

கொல்லைப்புறத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார். “பாப்பா, வண்டி பேசிட்டியா?”

“பேசிட்டம்பா.”

“அதுக்கு எத்தன கதவு?”

அம்மா சிரித்த சிரிப்பில் அவரைக்காய் மடியிலிருந்து கொட்டியது. நான் நோட்டைத் திறந்து எண் ஒன்றை அடித்தேன். பட்டியலின் கடைசிக்குப் போய் எழுதினேன்: டிபன் பாக்ஸ். மடியில்.